ஒண்ணு கழிச்சா மதி

சபையாரே, எனக்கு அஞ்சு நிமிஷம்தான் உண்டு எண்ணு போதகர் சொன்னாரு. அஞ்சு நிமிஷத்துல முடியாது, முன்னாலேயே சொல்லிட்டேன். பேரு ஒண்ணும் சொல்லாம சாட்சி சொல்லணும் எண்ணும் சொன்னாரு. அதுவும் முடியாது. எனக்க பேரை சொல்லாமலே எனக்க மானத்தை இதே இடத்துல வச்சு வாங்கினாங்க. அதனால நான் பேரைச் சொல்லியே பேசுவேன். எனக்க மாப்பிளைக்க மூத்த அக்கா, ரோஸ்லின் மைனி, மூணாவது பெஞ்சுல இருக்காங்க. மைனி, எழும்பிப் போகாதீங்க. இருந்து கேளுங்க.

இண்ணைக்கு திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துல இருந்தும் விசுவாசிகள் வந்திருக்கீங்க. எனக்க பேச்சு உங்களுக்குக் கொஞ்சம் கோணலா இருக்கும். கேரளா பார்டருல உள்ள குளத்தூர்க்காரிக்கு இப்படித்தான் வரும், பொறுத்துக்கிடுங்க. எனக்க பேரு பிரமிளா. பால் சொசைட்டியில பால் அளக்கியேன். எனக்க மாப்பிள ஞானதாஸ் பாறசாலையில பல்பும் சுவிட்சும் வயரும் விக்குற ஒரு சின்னக் கடை வச்சிருக்காரு. எங்களுக்குப் பிள்ளை இல்ல. எனக்கு உள்ளது அந்த மனுஷன் ஒருத்தர் மட்டும் ஆக்கும்.

அவரு இளவட்டமா இருக்கும்போது பைக்குல இருந்து விழுந்து தலையில அடிபட்டாரு. அதுல இருந்து வலிப்பு உண்டு. பின்னே ஷுகர் வந்துது. ஷுகர் வந்த பிறகு கால் ரெண்டும் தீயில வச்ச மாதிரி எரியும் எண்ணு சொல்லுவாரு. வலிப்புக்கும் கால் எரிச்சலுக்கும் சேர்த்து ஒரு குளிகை உண்டு, கபாபென்டின் எண்ணு பேரு. காலையில ஒண்ணு, உச்சைக்கு ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வருஷக்கணக்கா நான்தான் எடுத்துக் குடுப்பேன். அந்தக் குளிகை தின்ன பிறகு வலிப்பு வந்ததே இல்ல. எங்களுக்கு அது குளிகை இல்ல, காவல்.

போன கர்க்கடக மாசம், உங்க கணக்குக்கு ஆடி, மழை விடாம பெய்த சமயத்துல, மனுஷனுக்கு என்னமோ ஆச்சு. உக்காந்த இடத்துல உறங்குவாரு. கடையில ஆளுகிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதே தலை தொங்கும். நாக்கு தடிச்சுப் போச்சு. நடந்தா சுவரைப் பிடிச்சுத்தான் நடப்பாரு. சாயா கிளாசைக் கையில குடுத்தா, கை தானா ஒரு வெட்டு வெட்டும், கிளாசு தெறிச்சுப் போகும். ரோட்டுல கண்டவங்க, ஞானதாசு குடிக்கத் தொடங்கியாச்சு எண்ணு பேசினாங்க. குடியை மோந்து பாக்காத மனுஷன். எனக்கு மனசுல வெப்ராளம் தாங்க முடியாம சோறு இறங்கல்ல.

இந்த இடத்துல மைனியைப் பத்தி சொல்லணும். எனக்க மாமனாருக்கு தூத்துக்குடியில வேலை. மைனி அங்கேயே பிறந்து, அங்கேயே படிச்சு, அங்கேயே கணக்கு டீச்சராகி, ரிட்டயர் ஆன பிறகு ஆக்கும் இங்க வந்து எங்களுக்குப் பக்கத்துல வீடு வச்சது. எனக்க மாப்பிள மட்டும் கடைசிப் பிள்ளை, அவரு அம்மைகூட இங்க வந்து வளர்ந்தவரு. மைனிக்கு நாம எல்லாரும் நாலாங்கிளாஸ் பிள்ளைங்க. நான் ‘வாறேன்’ எண்ணு சொன்னா, ‘வருகிறேன்’ எண்ணு திருத்துவாங்க. இது தமிழா, மலையாளமா, ரெண்டும் கெட்டானா எண்ணு ஆளு கேக்க வச்சு சிரிப்பாங்க. இங்க வந்து இத்தனை நாளாகியும் மலையாளம் ஒரு வார்த்தை படிக்கல்ல. நமக்கு எதுக்கு எண்ணு இருந்துட்டாங்க. அந்த அகங்காரத்தை ஓர்மையில வச்சுக்கிடுங்க.

தம்பி உறங்கி உறங்கி விழுறதைக் கண்டதும் மைனிக்கு ஒரு கணக்கு தோணிச்சு. குளிகை குடுக்குறது யாரு? பிரமிளா. உறக்கம் வருது யாருக்கு? தம்பிக்கு. அப்போ பிரமிளா உறக்கக் குளிகை கலக்கிக் குடுக்கா. நேரா என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானும் நேரா பதில் சொல்லியிருப்பேன். கேக்கல்ல. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்துல எழும்பி ஜெபக்குறிப்பு சொன்னாங்க.

“என் தம்பிக்காக ஜெபம் பண்ணுங்க. அவனுக்கு ஆபத்து வெளியில இல்ல, வீட்டுக்குள்ளயே இருக்கு. அவன் வாயில போடுற மருந்துலயே இருக்கு.”

அவ்வளவுதான். எனக்க பேரு அதுல இல்ல. ஆனா பாயில இருந்த அத்தனை பொம்பளைகளும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பின்னே ஆமென் எண்ணாங்க. யாரு யாரு ஆமென் சொன்னீங்க எண்ணு எனக்கு நல்ல ஓர்மை உண்டு. பயப்படாதீங்க, உங்க பேரை சொல்லமாட்டேன். அடுத்த நாள் சொசைட்டியில பால் ஊத்த வந்த ஒருத்தி, நான் அளந்த பாலை ரெண்டாம் தடவை அளந்து காட்டச் சொன்னா. மருந்துல கை வைக்கிறவ பாலுல கை வைக்க மாட்டாளா எண்ணு அவளுக்குத் தோணியிருக்கும். அப்படி ஆச்சு எனக்க கதி.

அண்ணைக்கு வீட்டுக்கு வந்து, கதவை அடைச்சு, முட்டுக்குத்தி ஜெபம் பண்ணினேன். நல்ல ஜெபம் எண்ணு நினைக்காதீங்க. ஆண்டவரே, எனக்க மாப்பிளையை சுகமாக்கும் எண்ணு முதல்ல கேட்டேன். அது முடிஞ்ச பிறகு எழும்பல்ல. இந்தப் பொம்பளை எந்த நாக்கால எனக்க பேரைக் கெடுத்தாளோ, அந்த நாக்காலேயே அகப்படணும். ஆளு கேக்க அகப்படணும். நான் அதைக் கண்ணால காணணும். இப்படித்தான் கேட்டேன். சத்துருவை மன்னிக்கணும் எண்ணு எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பின்னே பாத்துக்கிடலாம் எண்ணு அவருகிட்டயே சொன்னேன்.

கொஞ்ச நாளுல அவருக்குக் கால் ரெண்டும் நீரு வச்சு வீங்கிச்சு. ரத்தம் பரிசோதிச்சப்போ கிட்னி ரெண்டும் கேடு எண்ணு தெரிஞ்சுது. ஷுகர் அரிச்சுப் போட்டுடிச்சு. நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில கிட்னி டாக்டரைப் பாக்கப் போனோம். பேரு எதுக்கு, அவங்க எனக்கு நன்மைதான் செய்தாங்க. டாக்டர் வயசு குறைஞ்ச ஆளு, கோழிக்கோட்டுக்காரரு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கூட்டம் எண்ணா அப்படி ஒரு கூட்டம்.

உள்ளே விளிச்சதும் நான் எழும்பினேன். மைனி எனக்க கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. “நீ வெளிய இரு. படிச்சவங்க பேசினாத்தான் டாக்டருக்குப் புரியும்.” சுத்தி ஆளு இருந்துது. சண்டை போட்டா, பாத்தியா இவளுக்கு என்னமோ மறைக்க உண்டு எண்ணு வரும். இருந்தேன். எனக்க மாப்பிள பாதி உறக்கத்துல உள்ளே போயி, பாதி உறக்கத்துல வெளியே வந்தாரு. என்ன சொன்னாங்க எண்ணு கேட்டா, அவருக்கு ஒண்ணும் ஓர்மையில்ல.

மைனி சொன்னாங்க, சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்கணுமாம், நாள் குறிச்சுத் தந்திருக்கு, வலிப்புக் குளிகையைக் குறைக்கணுமாம். எத்தனை குடுக்கணும் எண்ணு கேட்டேன்.

“உனக்கு எதுக்குக் கணக்கு? இனி நான் பாத்துக்கிடுறேன். நீ கை வைக்காத.”

டாக்டர் எழுதின சீட்டு மடிச்சபடியே அவங்க பையில போச்சு. மலையாளமும் இங்கிலீசும் கலந்த கிறுக்கலு, அதை அவங்க விரிச்சுக்கூட பாக்கல்ல எண்ணு பின்னே தெரிஞ்சுது. காதால கேட்டது போதும் எண்ணு இருந்துட்டாங்க. எனக்க வீட்டுக் குளிகை அவங்க வீட்டு அலமாரியில போய்ப் பூட்டுக்குள்ள இருந்துது. நான் காலையிலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் போற நேரம் பாத்து வந்து தம்பிக்குக் குடுப்பாங்க. நான் திரும்பி வரும்போது குடுத்தாச்சு எண்ணு மட்டும் சொல்லுவாங்க. கட்டின பெண்டாட்டிக்கு மாப்பிளைக்க மருந்து தெரியாது. அந்த அவமானத்தைச் சொன்னாப் புரியாது, பட்டாத்தான் தெரியும்.

அவரு தெளிவாரு எண்ணு பாத்தேன். தெளியல்ல. நாளுக்கு நாள் கூடிச்சு. மைனி என்ன சொன்னாங்க தெரியுமா? குளிகையைக் குறைச்ச பிறகும் இப்படி உறங்குறான் எண்ணா, யாரோ ஒளிச்சுக் குடுக்காங்க எண்ணு. பூட்டு அவங்க வீட்டுல, சாவி அவங்க கையில, கள்ளி நான்.

ஓணத்துக்குத் துணியெடுக்க ஊரெல்லாம் பாறசாலையில நிக்குற நாளு. காலை சொசைட்டி முடிஞ்சு வந்து பாக்கேன், மனுஷன் கட்டிலுக்குக் கீழே தரையில கிடக்காரு. நெற்றியில அடிபட்டு வீங்கியிருக்கு. கண்ணு பாதி திறந்து கிடக்கு. குறட்டை வருது. விளிச்சேன், உலுக்கினேன், கன்னத்துல அடிச்சேன். ஒரு முனகல்கூட இல்ல. கையும் தோளும் மட்டும் இடைக்கிடை வெட்டுது. ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மைனியும் கூட வந்தாங்க. வழி முழுக்க அவங்களுக்கு அழுகை, எனக்கு அழுகையே வரல்ல.

அதே டாக்டர் ஓடி வந்தாரு. கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்தாரு, நெற்றியைப் பாத்தாரு. முகம் மாறிடிச்சு. விழுந்து தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா டயாலிசிஸ் மெஷினுல போடுறது அபாயம் எண்ணாரு, ரத்தம் கட்டாம இருக்க மருந்து போடணுமாம், அது கசிவைக் கூட்டுமாம். முதல்ல தலையை ஸ்கேன் எடுக்கணும். அங்கே ஸ்கேன் கேடாகிக் கிடக்கு. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகணும் எண்ணா பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது, வழியில என்னவும் ஆகலாம். இல்ல, தலையில ஒண்ணும் இல்ல, இது அந்தக் குளிகைக்க வேலைதான் எண்ணு உறப்பிச்சா, இப்பவே மெஷினுல போட்டுக் காப்பாத்தலாம். கை வெட்டுறதைப் பாத்தா அவருக்கும் அப்படித்தான் சந்தேகம். அதுக்கு ஒரே கேள்வி, எத்தனை குளிகை உள்ளே போயிருக்கு.

மைனிகிட்ட கேட்டாரு. மைனி கண்ணைத் துடைச்சுட்டு நிமிந்து நிண்ணாங்க.

“நீங்க சொன்னபடிதான் சார். ஒண்ணு கழிச்சுத்தான் குடுத்தேன்.”

“ஒண்ணு கழிச்சு?”

“ஆமா சார், ஒண்ணு கழிச்சு.”

“அதே. ஒண்ணு கழிச்சா மதி எந்நாணு ஞான் பறஞ்ஞது.”

அதுதானே சொன்னது எண்ணு ரெண்டுபேரும் தலையாட்டினாங்க. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாரு. தினம் ஒண்ணுதான் உள்ளே போச்சு எண்ணா இப்படி ஆக வழியில்ல. ஒண்ணு, தலைக்குள்ள ரத்தம் இருக்கணும். இல்லெண்ணா வேற யாரோ கூடுதலா குடுத்திருக்கணும். அப்படிக் குடுத்திருந்தா போலீசை அறிவிக்கணும் எண்ணாரு. அவரு சொன்னதை நான்தான் தமிழுல மைனிக்குச் சொன்னேன், பாத்துக்கிடுங்க. எனக்க கழுத்துல மாட்டுற கயிறை நானே மொழிபெயர்த்துக் குடுத்தேன். மைனி ஒரு விநாடி யோசிக்கல்ல. விரலை நீட்டினாங்க. “வீட்ல ராத்திரி அவன் கூட இருக்கிறது இவதான்.”

நர்சுமாரு எல்லாரும் என்னைப் பாத்தாங்க. வெள்ளிக்கிழமை பாயில இருந்து பாத்த அதே பார்வை.

நான் கைகழுவுற தொட்டி பக்கம் போயி நிண்ணேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துல ஜெபம் பண்ணினேன். அந்த நேரத்துல ஒரு நல்ல விசுவாசி, பழி எனக்கு வேண்டாம் ஆண்டவரே, அவரு உசிரு மட்டும் போதும் எண்ணு கேக்கணும். நான் ரெண்டும் கேட்டேன். அவரையும் தாரும், இவளையும் காட்டிக் குடும். சீக்கிரம் எண்ணேன். ஆண்டவரை அவசரப்படுத்தினேன்.

தண்ணி ஓடுது. எனக்க காதுல என்ன கேக்குது? மைனி சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பாங்க, அது எங்க வீடு வரைக்கும் கேக்கும். ‘அஞ்சுல ரெண்டு கழிச்சா?’ ‘மூணு டீச்சர்.’ ‘ஏழுல நாலு கழிச்சா?’ அந்தச் சத்தம் காதுல வந்துது. நான் அதை நினைக்கல்ல. ஜெபத்துக்கு நடுவுல டியூஷனை யாராவது நினைப்பாங்களா? அது வந்துது. தந்தது யாரு எண்ணு எனக்குத் தெரியும்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுறேன். மலையாளத்துல ‘கழிக்கியது’ எண்ணா தின்னுறது. சோறு கழிச்சோ எண்ணு கேட்டா சாப்பிட்டாச்சா எண்ணு அர்த்தம். ‘மதி’ எண்ணா போதும். ஒண்ணு கழிச்சா மதி எண்ணு டாக்டர் சொன்னா, ஒரு குளிகை தின்னாப் போதும் எண்ணு அர்த்தம். இந்த ஊருல பால்குடி மாறாத பிள்ளைக்கும் அது தெரியும். அதனால ஆக்கும் எனக்கும் முதல்ல காதுல தட்டல்ல. நாங்க ரெண்டு பாஷையிலயும் பிறந்தவங்க, எந்த வார்த்தை எந்தப் பக்கம் எண்ணு காது தானாப் பிரிச்சுக்கிடும். தூத்துக்குடி கணக்கு டீச்சருக்கு கழிச்சா எண்ணா ஒண்ணே ஒண்ணுதான்.

குழாயை அடைச்சேன். ஈரக் கையோட திரும்பி வந்தேன். டாக்டர், நர்சுமாரு, டிராலி தள்ளுறவரு, எல்லாரும் நிக்காங்க. நான் சத்தம் போடல்ல. பைய கேட்டேன்.

“மைனி, மூணுல ஒண்ணு கழிச்சா எத்தனை?”

டீச்சர் புத்தி, கேட்ட உடனே வந்துது. “ரெண்டு.”

“அப்போ தினம் எத்தனை குடுத்தீங்க?”

“ரெண்டுதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணுல ஒண்ணு கழிச்சா ரெண்டுதானே, இதுல என்ன கேள்வி?”

டாக்டருக்கு ‘ரெண்டு’ புரிஞ்சுது. நான் மலையாளத்துல மிச்சத்தைச் சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. பின்னே மெஷினை ரெடியாக்கச் சொல்லி விளிச்சாரு. நெற்றியில உள்ளது மேல்காயம்தான், இது குளிகைதான், ஆனாலும் ரத்தம் கட்டாம இருக்குற மருந்தைப் போடாமலே மெஷினை ஓட்டலாம் எண்ணு முடிவாக்கினாரு. டிராலி உருண்டு போச்சு. மைனிக்கு அப்பவும் விளங்கல்ல. ஒரு நர்சு, பாவம், அறியாம்பிள்ளை, அவங்களுக்கு விளக்கிச் சொன்னா. சேச்சி, ஒண்ணு குறைக்கச் சொல்லல்ல, ஒண்ணுதான் தின்னச் சொன்னாரு. மைனி அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

அந்த நேரம் எனக்க மனசுல என்ன இருந்துது எண்ணு சொல்லணும். சாட்சியில பொய் சொல்லக்கூடாது. மாப்பிள மெஷினுல கிடக்கும்போது, எனக்கு உள்ளுக்குள்ள ஓணப் பாயசம் குடிச்ச இனிப்பு. கேட்டதை அப்படியே குடுத்தாரு ஆண்டவர். அந்த நாக்காலேயே, ஆளு கேக்க, எனக்க கண்ணு காண. மைனி எனக்க சேலை முந்தியைப் பிடிச்சாங்க. நான் முந்தியை இழுத்துக்கிட்டு மெஷின் ரூம் வாசலுக்குப் போனேன்.

அங்கே போயி கண்ணாடி வழியா அவரைக் கண்டேன். ரத்தம் குழாய்ல சுத்தி வருது. முகம் மெழுகு. அப்பதான் எனக்கு உறைச்சுது. பழி கேட்டது நான், அடி வாங்கிக் கிடக்கது அவரு. அவ நாக்கு அகப்படணும் எண்ணு நான் கேட்டப்போ, அந்த நாக்கு எனக்க மாப்பிளைக்க வாயில குளிகையைப் போட்டுக்கிட்டு இருக்கும் எண்ணு நான் கண்டேனா? அந்த வாசல்ல நான் அழுத அழுகைக்குச் சத்தம் இல்ல.

மெஷின் ஓடி முடியுறதுக்கு முன்னாலேயே அவரு கண்ணைத் திறந்தாரு. நர்சு என்னை உள்ளே விளிச்சா. அவரு என்னைப் பாத்தாரு, கண்ணு தெளிஞ்சிருந்துது. “பிரமிளே, நீ சொசைட்டிக்குப் போகல்லியா?” எண்ணு கேட்டாரு. நாக்கு தடிக்கல்ல. வார்த்தை ஒவ்வொண்ணும் முழுசா வந்துது. இத்தனை நாளுக்குப் பிறகு எனக்க பேரை அவரு முழுசா சொன்னது அப்பதான். நான் போகல்ல எண்ணு சொன்னேன். 

டாக்டர் பின்னே என்னை, என்னை மட்டும், உள்ளே உக்கார வச்சு விளக்கினாரு. தின்னுற மருந்துல பலதையும் ஈரல் உடைச்சு அழிச்சிரும். இந்தக் குளிகையை ஈரல் தொடாது. வந்தபடியே கிட்னி வழியா மூத்திரத்துல போகணும். கிட்னி நல்லா இருக்கப்பட்ட ஆளுக்குக் காலையில தின்னது ராத்திரிக்குள்ள பாதிக்கு மேல போயிரும். கிட்னி போச்சு எண்ணா, இண்ணு தின்னதும் நேத்து தின்னதும் அதுக்கு முந்தி தின்னதும் உள்ளேயே கிடக்கும். ஓடை அடைஞ்சா முற்றத்துல மழைத்தண்ணி நிக்குமே, அதுபோல. அதனால ஆக்கும் நான் பழைய கணக்குல மூணு குடுத்தப்பவே அவரு உறங்கி விழுந்தது. விஷம் நான் கலக்கல்ல, கிட்னி கழுவல்ல. பின்னே ஒண்ணு மட்டும் போகவேண்டிய இடத்துல ரெண்டு போயிக்கிட்டே இருந்துது, அதுதான் அவரைச் சாய்ச்சுது. இந்த மருந்து ரத்தத்துல ஒட்டாம மிதக்கும், அதனால மெஷின் அதை இழுத்து வெளியே போட்டுது எண்ணாரு. ஆண்டவர் மெஷின் மூலமாவும் கை நீட்டுவாரு எண்ணு அண்ணைக்குப் படிச்சேன்.

இப்போ அவரு டயாலிசிஸ்ல இருக்காரு. மெஷின் மருந்தையும் சேர்த்து இழுத்துரும், அதனால டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு ஒரு குளிகை. நான்தான் குடுக்கியேன். வலிப்பு இல்ல. கடைக்குப் போறாரு, கிளாசு கையில நிக்குது. நானும் மாறிப்போனேன். டாக்டர் எந்தப் பாஷையில சொன்னாலும், ‘வாய்க்குள்ள எத்தனை போகணும், விரலைக் காட்டுங்க சாரே’ எண்ணு கேப்பேன். டயாலிசிஸ் வார்டுல பெருங்கடவிளைக்காரி ஒரு அக்கா உண்டு. அவங்க மாப்பிளைக்கு வேற வலிப்பு மருந்து. ரத்தத்துல மருந்து குறைவு எண்ணு ரிசல்ட் வந்துது, ஆனா மனுஷன் தள்ளாடுறாரு. நான் அந்த அக்காவைக் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த மருந்து ரத்தத்துல உள்ள புரதச் சத்துல ஒட்டிக்கிடக்கிற வகையாம். கிட்னி கேடானா ஒட்டாம அலையுறது கூடிரும், ரிசல்ட்ல குறைவாக் காட்டினாலும் உள்ளே வேலை கூடுதலா நடக்கும் எண்ணாரு. கூடுதலாக் குடுக்க இருந்ததை நிறுத்தினாங்க. கிட்னியில நோவு, தீனம் உள்ளவங்க வீட்டுல உண்டுமானா, பழைய மருந்து ஒவ்வொண்ணையும் கொண்டுபோய் இது இனி எத்தனை எண்ணு கேளுங்க. ஜெபமும் பண்ணுங்க, கேக்கவும் செய்யுங்க.

இனி மைனி. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அண்ணைக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டு வந்தாங்க. கிட்னி தீனக்காரருக்கு ஆரஞ்சு ஆகாது. அதையும் கேக்காமத்தான் வாங்கியிருக்காங்க. நான் கூடையை வாங்கி, அவங்க முன்னால உக்காந்து, ஒண்ணு ஒண்ணா உரிச்சுத் தின்னேன். நல்ல இனிப்பு. அப்போ எனக்க அடுக்களையில வச்சு, “பிரமிளா, என்னை மன்னிச்சிரு” எண்ணாங்க. வேற யாரும் இல்ல, நானும் அவங்களும் மட்டும். சபையில வச்சுக் கிழிச்சதை அடுக்களையில வச்சு ஒட்டினா ஒட்டுமா? நான் அடுத்த ஆரஞ்சை உரிச்சேன். தம்பி அக்காவை மன்னிச்சுட்டாரு. அது அவரு மனசு. அவங்க தம்பி பேரைச் சொல்லி அழுதாங்க, அந்த அழுகை உண்மை எண்ணு எனக்குத் தெரியும். தம்பியை அவங்க கொல்ல நினைக்கல்ல. ஆனா நான் கொல்ல நினைச்சேன் எண்ணு அவங்க நினைச்சாங்களே. அதுக்குத்தான் இண்ணைக்கு இங்க நிக்கியேன். கிழிச்ச இடத்துல நிண்ணு தைக்கியேன். அண்ணைக்கு ஆமென் சொன்னவங்க இண்ணைக்கும் சொல்லலாம்.

ஆண்டவருக்கு நன்றி. எனக்க மாப்பிளையைத் தந்தாரு, எனக்க பேரைத் தந்தாரு. உங்க மேல பொய் சொன்னவங்க உண்டுமானா, உங்க வீட்டுல ஆளு உணர்வு கெட்டுக் கிடக்குமானா, அவருகிட்ட போங்க. நல்ல வார்த்தை வரல்ல எண்ணு தயங்காதீங்க, உள்ள வார்த்தையே போதும். அவரு கேக்காரு. நான் கண்டு சொல்லுறேன், கேட்டதை ஒண்ணு விடாம குடுக்காரு.

மைனியை மன்னிக்க ஒரு மனசு தாரும் எண்ணு மட்டும் நான் இதுவரை கேக்கல்ல. போதகர் கேளு எண்ணு சொல்லிக்கிட்டே இருக்காரு. கேட்டா தந்துருவாரோ எண்ணு எனக்குப் பயமாக்கும்.